டிவிடி ரைட் செய்யும்போது டிஸ்க் ஏன் போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை, நாகப்பட்டினம் பக்கத்து ஸ்டூடியோக்களிலும் எடிட்டிங் கடைகளிலும் டிவிடி வேலை குறைந்திருக்கிறதே தவிர ஓயவில்லை. கல்யாண ஆல்பத்தோடு டிஸ்க்கும் வேண்டும் என்கிற பெரியவர்கள் இருக்கிறார்கள். குடமுழுக்குப் பதிவு, ஸ்கேன் படம், வழக்குக்கான வீடியோ என்று வேறு வேலைகளும் வருகின்றன. டிஸ்க் வீணாவதும் கூடவே வருகிறது. அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளும் பதில்களும் இவை.

கே: எரர் வந்து நின்றுவிட்டது. முதலில் எதைப் பார்ப்பது?

எத்தனையாவது சதவீதத்தில் நின்றது என்று பாருங்கள். எரர் வாசகத்தைவிட அது அதிகம் சொல்லும். டிவிடி உள்வட்டத்தில் தொடங்கி வெளிவிளிம்பை நோக்கி எழுதப்படுகிறது. அதனால் நின்ற இடத்தை வைத்தே பாதிக் காரணத்தைப் பிடித்துவிடலாம்.

தொடங்கும் முன்பே, அல்லது 0-1 சதவீதத்தில் நின்றால், ரைட்டருக்கு அந்த டிஸ்க் ஒத்துவரவில்லை, லென்ஸில் தூசி இருக்கிறது, அல்லது லேசர் பலம் குறைந்துவிட்டது. நடுவில் ஒவ்வொரு முறையும் வெவ்வேறு இடத்தில் நின்றால் டிஸ்க்கைக் குறை சொல்லாதீர்கள். கரண்ட்டையும், கேபிளையும், ஃபைல் வரும் வழியையும் பாருங்கள். ஒவ்வொரு முறையும் 85-95 சதவீதம் போய் நின்றால் டிஸ்க்கின் வெளிவிளிம்பு மோசம், அல்லது வேகம் அதிகம். 100 சதவீதம் முடிந்து டிஸ்க்கை மூடும் (ஃபைனலைஸ்) கட்டத்தில் நின்றால் உள்ளே எழுதியது பெரும்பாலும் இருக்கும். அதைப் பற்றிக் கீழே வருகிறது.

காரணம் தேடும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். டிஸ்க், வேகம், சாஃப்ட்வேர் மூன்றையும் சேர்த்து மாற்றிவிட்டு "சரியாயிடுச்சு" என்றால், அடுத்த வாரம் அதே எரர் வரும்போது மறுபடி முதலிலிருந்துதான்.

கே: "பவர் காலிபரேஷன் எரர்" என்றால் கரண்ட் பிரச்சினையா?

பெயர்தான் அப்படி. இங்கே பவர் என்பது லேசரின் பவர். எழுதத் தொடங்கும் முன் ரைட்டர், டிஸ்க்கின் உள்வட்டத்தில் இதற்கென்றே விட்டிருக்கும் இடத்தில், பலவிதமான லேசர் அளவில் கொஞ்சம் எழுதிப் பார்த்து, எது சரியாகப் பதிகிறது என்று தேர்ந்தெடுக்கும். எந்த அளவிலும் சரியாகப் பதியவில்லை என்றால் இந்த எரர்.

இந்த வரிசையில் முயலுங்கள். முதலில் வேறு கம்பெனி டிஸ்க் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். பிறகு வேகத்தை ஒரு படி குறையுங்கள். பிறகு லென்ஸைத் துடையுங்கள். மூன்றிலும் தீராமல், அதே ரைட்டர் சிடியை மட்டும் நன்றாக எழுதுகிறது என்றால் டிவிடி லேசர் தேய்ந்துவிட்டது. சிடிக்கு 780 நானோமீட்டர் லேசர், டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர். இரண்டும் வேறு வேறு. ஒன்று போய் மற்றது உயிரோடு இருப்பது சகஜம். உள்ளே இருக்கும் திருகைத் திருப்பி லேசரை ஏற்றித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏற்றினால் சில நாள் ஓடும், பிறகு மொத்தமாகப் போகும்.

கே: 4.7 ஜிபி என்று போட்டிருக்கிறது. 4.5 ஜிபி ஃபைல் ஏறவில்லையே?

டிஸ்க் கம்பெனி 1 ஜிபி என்பதை நூறு கோடி பைட் என்று எண்ணுகிறது. விண்டோஸ் 107,37,41,824 பைட்டை 1 ஜிபி என்று எண்ணுகிறது. விண்டோஸ் கணக்கில் ஒரு டிவிடி ஏறக்குறைய 4.37 ஜிபிதான். எழுதும் டிஸ்க்கில் டிவிடி-ஆர் (மைனஸ்), டிவிடி+ஆர் (பிளஸ் ஆர்) என்று இரண்டு வகை. டிவிடி-ஆரில் 470,73,19,808 பைட் கொள்ளும். பிளஸ் ஆரில் 470,03,72,992. வித்தியாசம் 7 எம்பிக்குள். ஆனால் டிவிடி-ஆருக்கென்று விளிம்பு வரை நிறைத்துச் செய்த இமேஜ் (டிஸ்க்கில் போக வேண்டியதை எல்லாம் ஒரே ஃபைலாகச் சேர்த்தது), பிளஸ் ஆரில் ஏறாமல் நிற்க அந்த 7 எம்பி போதும். 4.3 ஜிபிக்குள் முடித்துக்கொள்வது நல்லது. கடைசி விளிம்புதான் டிஸ்க்கிலேயே பலவீனமான இடம்.

பென் டிரைவில் இமேஜை எடுத்துவரும்போது "ஃபைல் பெரிது" என்று மறுத்தால் டிஸ்க்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பென் டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருக்கும்; அதில் ஒரே ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. என்டிஎஃப்எஸ் அல்லது எக்ஸ்ஃபேட்டாக ஃபார்மேட் செய்துகொள்ளுங்கள்.

கே: எந்த வேகத்தில் எழுதுவது? குறைவாக வைத்தால் நல்லதுதானே?

ஓரளவுக்கு. எக்ஸ் என்பது டிவிடியின் அடிப்படை வேகம்; 16எக்ஸ் என்றால் அதைப் போல 16 மடங்கு. 16எக்ஸ் டிஸ்க்குக்கு 8எக்ஸ் நல்ல நடுவேகம். 16எக்ஸ் போட்டால் முழு டிஸ்க் 6 நிமிடத்தில் முடியும், 8எக்ஸில் 8-9 நிமிடம், 4எக்ஸில் ஏறக்குறைய கால் மணி நேரம். 16எக்ஸில் மிச்சமாகும் இரண்டு மூன்று நிமிடத்துக்காக ஒரு டிஸ்க்கைப் பணயம் வைக்க வேண்டியதில்லை.

16எக்ஸ் என்று தேர்ந்தெடுத்தாலும் ரைட்டர் உள்வட்டத்தில் 6-7எக்ஸில்தான் தொடங்கும். வெளியே போகப் போக ஏறி, விளிம்பில்தான் 16 வரும். அப்போது டிஸ்க் நிமிடத்துக்கு 10,000 சுற்றுக்கு மேல் சுழல்கிறது. லேசான வளைவு, சமமில்லாத எடை எல்லாம் அங்கேதான் அதிர்வாக வெளிப்படும். 90 சதவீதத்தில் நிற்கும் டிஸ்க்குகள் 8எக்ஸில் பிழைப்பது அதனால்தான்.

அதற்காக 16எக்ஸ் டிஸ்க்கை 2எக்ஸில் எழுதப் போகாதீர்கள். வேகமான டிஸ்க்கின் சாயம், குறைந்த நேரத்தில் அதிக லேசர் வாங்கிப் பதிவதற்காகச் செய்யப்பட்டது. மிகக் குறைந்த வேகத்தில் பதிவு மங்கலாகி, பிழை எண்ணிக்கை கூடவே செய்யும்.

கே: கரண்ட் போய் வந்தால்? வோல்ட் கம்மியானால்?

டெல்டாவில் இதைத் தனியாகத்தான் பேச வேண்டும். கிராமத்து ஃபீடரில் இருக்கும் கடைகளில், மும்முனை மின்சாரம் விட்டவுடன் பம்புசெட்டுகள் ஒன்றாகத் தூக்கும்போது விளக்கு மங்குவதைப் பார்த்திருப்பீர்கள். குறுவை நடவு நேரத்தில் இது தினசரிக் காட்சி. கம்ப்யூட்டர் அணையாது, எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டரின் பவர் சப்ளை) தாக்குப்பிடித்துவிடும். ஆனால் பழைய, விலை குறைந்த எஸ்எம்பிஎஸ் என்றால் 12 வோல்ட், 5 வோல்ட் வரிகள் ஆட ஆரம்பிக்கும். டெஸ்க்டாப் ரைட்டரில் 12 வோல்ட் மோட்டாரைச் சுற்றுகிறது. 5 வோல்ட் லேசருக்கும் சர்க்யூட்டுக்கும் போகிறது. எழுதும்போது ஆடிய ஆட்டம் டிஸ்க்கில் அப்படியே பதிந்துவிடும். எரரே காட்டாமல் முடிந்து, வீட்டு பிளேயரில் ஓர் இடத்தில் மட்டும் திக்கித் திக்கி நிற்கும் டிஸ்க்குகளில் சில இந்த வகை.

லைன் இன்டராக்டிவ் வகை 600 விஏ யுபிஎஸ் ஒன்று போதும். வோல்ட்டேஜ் தாழும்போதும் அது சரிசெய்து கொடுக்கும். வீட்டு இன்வெர்ட்டரை நம்பியிருந்தால் பின்னால் "யுபிஎஸ்" என்று ஒரு ஸ்விட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். சாதாரண நிலையில் அது மாறிக்கொள்ளும் இடைவெளியிலேயே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் முழுதாகப் போன டிவிடி-ஆர் டிஸ்க்கை ஒட்டவைக்க வழியில்லை. இன்னொன்று எடுங்கள்.

யுஎஸ்பி ரைட்டர் என்றால் பிரச்சினை வேறு. யுஎஸ்பி 2.0 போர்ட் தரும் என்று எழுதியிருப்பது 500 மில்லிஆம்பியர். எழுதத் தொடங்கும் நொடியில் சில ரைட்டர்கள் அதைத் தாண்டி இழுக்கும். படிக்கும், எழுத மாட்டேன் என்னும். கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டையும் ஹப்பையும் விட்டுவிட்டு, மதர்போர்டின் பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகுங்கள். இரட்டை முனை கேபிள் வந்திருந்தால் இரண்டையும் செருக வேண்டும். இரண்டாவது முனை அழகுக்கு இல்லை.

கே: "பஃபர் அண்டர்ரன்" இப்போதும் வருமா?

எழுதும் வேகத்துக்கு டேட்டா வந்து சேராமல் போவதுதான் இது. டிஸ்க்கைக் கெடுக்கும் அளவுக்கு வருவது அரிது. 2000-க்குப் பிறகு வந்த ரைட்டர்களில், டேட்டா வராவிட்டால் நிறுத்தி, வந்ததும் விட்ட இடத்தில் தொடரும் பாதுகாப்பு இருக்கிறது. ஆனாலும் நிறுத்தி நிறுத்தித் தொடர்ந்த டிஸ்க்கில் ஒட்டு விழுந்த இடங்கள் இருக்கும். பழைய பிளேயர்களுக்கு அது பிடிக்காது.

8எக்ஸ் என்றால் நொடிக்கு 11 எம்பி தொடர்ந்து வேண்டும், 16எக்ஸுக்கு 22 எம்பி. பழைய பென் டிரைவிலிருந்தோ, வைஃபை வழியாகப் பக்கத்து கம்ப்யூட்டரிலிருந்தோ எழுதினால் இது தடுமாறும். ஃபைலை ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றி, முதலில் ஐஎஸ்ஓ இமேஜ் செய்து, அதை எழுதுங்கள். எழுதும்போது அதே கம்ப்யூட்டரில் ரெண்டர் போடாதீர்கள்.

இன்னும் விண்டோஸ் எக்ஸ்பி ஓடும், பட்டைக் கேபிளில் (ஐடிஇ) ரைட்டர் மாட்டிய பழைய கம்ப்யூட்டரில் வேகம் 2எக்ஸுக்கு மேல் போகவில்லை, மவுஸ் திக்குகிறது என்றால், அந்தச் சேனல் டிஎம்ஏ என்ற வேகமான முறையிலிருந்து பிஐஓ என்ற மெதுவான முறைக்கு இறங்கியிருக்கிறது. டிவைஸ் மேனேஜரில் அந்த ஐடிஇ சேனலை அன்இன்ஸ்டால் செய்து ரீஸ்டார்ட் செய்தால் திரும்பி வரும். மறுபடியும் இறங்கினால் கேபிளை மாற்றுங்கள். 80 கம்பி கேபிள் போடுங்கள்.

கே: எந்த டிஸ்க் வாங்குவது?

மேலே அச்சடித்த பெயரைவிட உள்ளே இருக்கும் தயாரிப்பாளர் குறியீடுதான் முக்கியம். ஒரே பெயரில் வரும் டிஸ்க்குகள் வெவ்வேறு ஆலைகளில் செய்தவையாக இருக்கலாம். இம்க்பர்ன் (ImgBurn) சாஃப்ட்வேரில் வெற்று டிஸ்க்கைப் போட்டால் வலப்பக்கத்தில் அந்தக் குறியீட்டைக் காட்டும். உங்கள் ரைட்டரில் நன்றாகப் பதியும் குறியீடு எது என்று ஒரு நோட்டில் குறித்துவைத்துக்கொள்ளுங்கள். 50 டிஸ்க் ஸ்பிண்டில் வாங்கினால் முதலில் இரண்டை மட்டும் எழுதி, சரிபார்த்து, பிறகு கல்யாண வேலைக்கு எடுங்கள்.

நம் ஊர்க் கடைகளில் ஒரு காலத்தில் எங்கும் கிடைத்த மோசர் பேயர் நிறுவனத்தைக் கலைக்க 2018-ல் உத்தரவானது. அது போன்ற பழைய சரக்கு மலிவாகக் கிடைக்கும்போது யோசித்து வாங்குங்கள். எந்தக் கம்பெனியானாலும், எழுதாத டிஸ்க்கின் சாயமும் வெயிலிலும் ஈரத்திலும் கிழடாகும். கடை வாசல் கண்ணாடி ஷெல்ஃபில் வெயில்பட இருந்த ஸ்பிண்டிலை எடுக்கவே எடுக்காதீர்கள்.

கே: மைனஸா, பிளஸா?

இன்றைய ரைட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். பழைய வீட்டு பிளேயருக்குப் போகிறது என்றால் மைனஸ். பிளஸ் ஆர் மட்டும்தான் கையில் இருக்கிறது என்றால், சில ரைட்டர்களில் புக் டைப்பை (டிஸ்க் எந்த வகை என்று பிளேயருக்குச் சொல்லும் குறிப்பு) டிவிடி-ரோம் என்று மாற்றி எழுதலாம். அதை அச்சு டிஸ்க் என்று நினைத்துப் பழைய பிளேயரும் ஏற்றுக்கொள்ளும். மைனஸில் இந்த வசதி கிடையாது.

கே: மழைக்காலத்தில் மட்டும் டிஸ்க் அதிகம் போகிறது. உண்மையா, பிரமையா?

உண்மைதான். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சுவரே வியர்க்கிறது. ஏசி எடிட்டிங் அறையில் இருந்த டிஸ்க்கை வெளி ஹாலில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு எடுத்துவந்தால், குளிர்ந்த டிஸ்க்கின் மேல் வாய் ஊதிய கண்ணாடி போல ஈரம் படரும். கண்ணுக்குத் தெரியாத அளவு இருந்தாலும் லேசருக்குத் தெரியும். அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு எழுதுங்கள். ரைட்டரின் லென்ஸிலும் இதே போல ஈரம் படரும். காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் முதல் டிஸ்க்கைச் செருகாமல் கால் மணி நேரம் ஓடவிடுவது இதற்காகத்தான்.

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றும் சேர்கிறது. கேபிள் முனைகளில் பச்சை பூத்திருந்தால் கழற்றித் துடைத்து மாட்டுங்கள்.

தை, மாசி சம்பா அறுவடையில் ஈரம் போய்த் தூசி வரும். சாலையோரக் கடை, எதிரே தார்ச்சாலையில் நெல் காய்கிறது, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் பதரும் சுங்கும் கிளம்பி உள்ளே வருகிறது என்றால், ரைட்டரின் டிரேயைத் திறந்தபடி வைக்காதீர்கள். ஸ்பிண்டிலின் மூடியையும்தான்.

கே: லென்ஸை எப்படித் துடைப்பது?

பிரஷ் ஒட்டிய கிளீனிங் டிஸ்க் லேசான தூசிக்குப் போதும். அதில் தீராவிட்டால் ரைட்டரைக் கழற்ற வேண்டும். கரண்ட்டை நிறுத்தி, முன்பக்கச் சிறு துளையில் நிமிர்த்திய ஜெம் கிளிப்பைக் குத்தி டிரேயை வெளியே இழுத்து, அடியில் இருக்கும் நான்கு திருகுகளை எடுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியில் 99 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹால் ஒரு சொட்டு. தொட்டும் தொடாமலும் ஒரு சுற்று. பிறகு காய்ந்த பஞ்சில் ஒரு சுற்று. லென்ஸ் முடிபோன்ற மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது. அழுத்தினால் கம்பி வளைந்து, ரைட்டர் அன்றோடு சரி. எண்ணெய் கலந்த ஸ்பிரிட், தேங்காய் எண்ணெய் தடவிய கை, வாயால் ஊதுவது மூன்றும் கூடாது.

டிஸ்க்கைத் துடைப்பது எளிது. துவைத்துப் பழகிய பருத்தி வேட்டித் துணியால், நடுவிலிருந்து வெளியே நேர்கோடாக. வட்டமாகத் துடைத்து விழும் கீறல் டேட்டா போகும் திசையிலேயே நீளமாக விழுகிறது. பிழைதிருத்தத்தால் அதைச் சமாளிக்க முடியாது.

கே: மணமக்கள் படம் போட்ட பேப்பர் ஸ்டிக்கர் ஒட்டலாமா?

சிடியில் ஒட்டித் தப்பித்திருக்கலாம். டிவிடியில் வேண்டாம். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டியது. ஸ்டிக்கர் ஒரு பக்கம் மட்டும் ஈரம் இழுத்துச் சுருங்கினால் தகடு வளையும். கொஞ்சம் தள்ளி ஒட்டினாலும் எடை சமன் கெடும். பிரிண்ட் செய்யக்கூடிய வெள்ளை முகப்பு டிஸ்க் வாங்கி இங்க்ஜெட்டில் அடியுங்கள். கையால் எழுத நீர் சார்ந்த மார்க்கர். பால்பாயிண்ட் பேனா கூடாது.

கே: மூன்று மணி நேரக் கல்யாணத்தை ஒரே டிஸ்க்கில் அடக்கலாமா?

அடக்கலாம், முகங்கள் கட்டம் கட்டமாகத் தெரியும். 4.7 ஜிபியை 3 மணி நேரத்துக்குப் பிரித்தால் நொடிக்கு ஏறக்குறைய 3.5 மெகாபிட்தான் வருகிறது. சீரியல் விளக்கு, பூ அலங்காரம், பட்டுச்சேலை ஜரிகை எல்லாம் டிவிடி வீடியோவின் ஃபார்மேட்டான எம்பெக்2-க்கு அதில் தாங்காது. 2 மணி நேரம் என்றால் ஒலி போக ஏறக்குறைய 5 மெகாபிட் கிடைக்கும். அதுதான் கண்ணுக்கு உறுத்தாத எல்லை. மாப்பிள்ளை அழைப்பும் வரவேற்பும் ஒரு டிஸ்க், முகூர்த்தம் ஒரு டிஸ்க் என்று பிரித்துவிடுங்கள். மிகக் குறுகிய வீடியோ என்றாலும் உச்ச அளவை 8 மெகாபிட்டுக்குள் வையுங்கள். விதிப்படி வீடியோவுக்கு 9.8 வரை போகலாம்தான், ஆனால் எழுதிய டிஸ்க்கில் அந்த வேகத்தைப் படிக்கப் பழைய பிளேயர்கள் திணறும். வீடியோ அமைப்பு: நம் நாட்டு டிவி முறையான பால் (PAL), 720க்கு 576, நொடிக்கு 25 ஃபிரேம்.

கே: டூயல் லேயர் வாங்கினால் தீராதா?

8.5 ஜிபி கிடைக்கும். ஆனால் விலையும் அதிகம், தோல்வியும் அதிகம். முதல் அடுக்கிலிருந்து இரண்டாவதுக்குத் தாவும் இடத்தில்தான், அதாவது 50 சதவீதத்தை ஒட்டி, பெரும்பாலான டிஸ்க்குகள் போகின்றன. 4எக்ஸுக்கு மேல் போகாதீர்கள். வீடியோ என்றால் தாவும் இடம் காட்சி மாறும் இடத்தில் விழும்படி அமையுங்கள்; இல்லாவிட்டால் தாலி கட்டும் நேரத்தில் படம் ஒரு நொடி உறையும்.

கே: என் கம்ப்யூட்டரில் ஓடுகிறது, கஸ்டமர் வீட்டில் ஓடவில்லை.

டிஸ்க்கை மூடினீர்களா என்று பாருங்கள். ஃபைனலைஸ் செய்யாத டிஸ்க், எழுதிய ரைட்டரில் மட்டும் தெரியும். விண்டோஸ் கேட்கும்போது "யுஎஸ்பி டிரைவ் போல" என்பதைத் தேர்ந்திருந்தாலும் இதே கதி. "சிடி, டிவிடி பிளேயருடன்" என்பதைத்தான் தேர வேண்டும். எம்பி4 ஃபைலை அப்படியே டேட்டாவாகப் போட்டிருந்தால் பழைய பிளேயர் திறக்காது. வீடியோ டிஎஸ் (VIDEO_TS) ஃபோல்டர் டிஸ்க்கின் முதல் நிலையில் இருக்க வேண்டும், வேறு ஃபோல்டருக்குள் ஒளிந்திருக்கக் கூடாது.

மூடும் கட்டத்தில் மட்டும் எரர் வந்த டிஸ்க்கை எறிந்துவிடாதீர்கள். இம்க்பர்னில் டிரைவ் மெனுவில் டிஸ்க்கை மூடும் கட்டளை இருக்கிறது. கம்ப்யூட்டரை ரீஸ்டார்ட் செய்து அதை ஒருமுறை முயலுங்கள். சில டிஸ்க் பிழைக்கும்.

கே: வெரிஃபை செய்தாகிவிட்டது. இனி கவலை இல்லையே?

வெரிஃபை, அதாவது எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்ப்பது, அந்த ரைட்டர் இன்று படிக்கிறது என்று மட்டும் சொல்கிறது. பிழைகளைத் திருத்தித்தான் படிக்கிறது. எத்தனை திருத்தியது என்று சொல்லாது. அதை எண்ணிப் பார்க்க டிஸ்க் தரம் பார்க்கும் சாஃப்ட்வேர்கள் உண்டு, எல்லா ரைட்டரும் ஒத்துழைக்காது. அதில் பிஐ பிழை (முதல் கட்டத் திருத்தத்தில் எண்ணுபவை) 8 தொகுதிக்கு 280-க்குள், பிஐஎஃப் (அந்தக் கட்டத்தில் திருத்த முடியாதவை) ஒரு தொகுதிக்கு 4-க்குள் இருக்க வேண்டும் என்பது விதி. அந்தச் சாஃப்ட்வேர் இல்லாவிட்டால், படிக்கும் வேக வரைபடத்தையாவது எடுங்கள். கோடு விளிம்பை நெருங்கும்போது பள்ளம் பள்ளமாக விழுந்தால், அந்த டிஸ்க்கைக் கஸ்டமரிடம் கொடுக்காதீர்கள்.

வழக்குக்குப் போகும் டிஸ்க் என்றால் ஹேஷ் மதிப்பும் (ஃபைலின் கைரேகை போன்ற குறியீடு) எடுத்துவையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-ஆவது பிரிவுச் சான்றிதழ்ப் படிவத்தில் அதைக் கேட்கிறார்கள். 7-ஜிப் சாஃப்ட்வேரின் மெனுவிலேயே ஷா-256 என்ற ஹேஷ் கிடைக்கும். மூல ஃபைலுக்கும் டிஸ்க்கில் இருப்பதற்கும் தனித்தனியாக எடுத்து ஒப்பிடுங்கள்.

கே: எழுதிய டிஸ்க்கை எங்கே வைப்பது?

கெட்டிப் பெட்டியில், நிமிர்த்தி, இருட்டில். பிளாஸ்டிக் உறை மழைக்காலத்தில் டிஸ்க்கோடு ஒட்டிக்கொள்ளும். வெளிச்சுவரை ஒட்டிய பீரோவில் வைக்காதீர்கள். அடைமழையில் அந்தச் சுவர்தான் முதலில் ஊறும். சிலிகா ஜெல் பொட்டலம் போட்டால் நிறம் மாறியதும் மாற்ற வேண்டும். திரும்பக் கிடைக்காத பதிவுக்கு ஒரு டிஸ்க் போதாது: வெவ்வேறு குறியீடுள்ள இரண்டு டிஸ்க், ஒரு ஹார்ட் டிஸ்க், அதில் ஒன்று வேறு வீட்டில். அழித்து எழுதும் ஆர்டபிள்யூ டிஸ்க்கை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். வருடத்துக்கு ஒருமுறை போட்டுப் பாருங்கள். படிக்கத் தயங்கும் டிஸ்க்கை அன்றைக்கே பிரதி எடுத்துவிடுங்கள். ஒரு ரைட்டரில் திறக்காத டிஸ்க்கை வேறு கம்பெனி ரைட்டரில் போட்டுப் பார்க்காமல் போய்விட்டது என்று முடிவுகட்ட வேண்டாம்.